வீட்ல தீ அணைஞ்சிடுச்சா, தொடப்பத்த மட்டும் உடனே எடுக்காதீங்க

போன வருஷம் ஏப்ரல் மாசம் சென்னை பழைய வண்ணாரப்பேட்டைல எங்க அக்கா வீடு எரிஞ்சுது. மாடி போர்ஷன், ரெண்டு ரூம் ஒரு கிச்சன், ஃபிரிட்ஜுக்கு பின்னாடி வயர்ல புடிச்சது திரை, மெத்தை, பீரோன்னு போயிடுச்சு. மதியானம் நேரம், அக்காவும் பையனும் கீழ் வீட்ல இருந்தாங்க, ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அதுவே பெரிய புண்ணியம். ஃபயர் சர்வீஸ் வண்டி எங்க சந்துக்குள்ள நுழைய முடியாம முனைலயே நிறுத்தி ஹோஸ இழுத்துட்டு வந்து ஒரு மணி நேரத்துல அணைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் நடந்தத தான் சொல்ல வரேன். தெருவே கூடி வந்துச்சு, ஆளுக்கு ஒரு தொடப்பம் ஒரு பக்கெட்டு, "நீ உக்காருமா நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லி சாயங்காலத்துக்குள்ள சாம்பல எல்லாம் அள்ளி கொட்டி வீட்ட கழுவியே விட்டுட்டாங்க. காயலான் கடைக்காரர் வந்து எரிஞ்ச ஃபிரிட்ஜு, பீரோ, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் 1,800 ரூபாக்கு எடுத்துட்டு போயிட்டாரு. அஞ்சாவது நாள், நஷ்டத்த மதிப்பு போடற இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து "எரிஞ்ச பொருள் எங்க?"னு கேட்டாரு. காட்டறதுக்கு கழுவுன தரைய தவிர ஒண்ணும் இல்ல. கேட்டதுல பாதி கூட வரல. அள்ளி கொட்டுன சாம்பல்ல அக்காவோட ரெண்டு சவரன் செயினும் போச்சு.

அவங்க எல்லாரும் பாசத்துல செஞ்சது தான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு எங்கள்ல ஒருத்தருக்காவது என்ன பண்ணனும்னு தெரிஞ்சிருந்தா அக்காவுக்கு இவ்ளோ நஷ்டம் வந்திருக்காது. அதனால அடுத்த ஆறு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டத எழுதறேன். தீ எரியும்போது எல்லாருக்கும் 101, 112 தெரியுது, அணைஞ்சதுக்கு அப்புறம் தான் யாருக்கும் ஒண்ணும் தெரியல.

மொதல்ல ஆளுங்கள பாருங்க. வெளிய பாக்க நல்லா இருக்கறவங்களும் புகைய குடிச்சிருப்பாங்க. தலைவலி, வாந்தி, தொண்டை கம்மறது, சளி கருப்பா வர்றது, மூக்குமுடி கருகி இருக்கறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா கூட 108க்கு அடிங்க இல்ல நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, புகையோட பாதிப்பு சில பேருக்கு பல மணி நேரம் கழிச்சு தான் தெரியும், ராத்திரி தூங்க போயிட்டா ரொம்ப ஆபத்து. தீக்காயம் பட்டிருந்தா குழாய் தண்ணிய 20 நிமிஷம் மெதுவா ஓட விடுங்க, ஐஸ் வேணாம், பேஸ்ட்டு வேணாம், இங்க் வேணாம், மஞ்சள் வேணாம், சுத்தமான துணிய மேல போத்தி கூட்டிட்டு போங்க. பெரிய காயம்னா கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரில தீக்காயத்துக்குன்னே தனி வார்டு இருக்கு, நம்ம ஏரியால இருந்து ரொம்ப தூரம் இல்ல.

அப்புறம் வீட்டுக்குள்ள போறது. ஃபயர் ஆபீசர் போலாம்னு சொல்ற வரைக்கும் போகாதீங்க, ஒரே ஒரு சர்டிபிகேட் எடுத்துட்டு வந்துடறேன்னு கூட போகாதீங்க. இலவம்பஞ்சு மெத்தை தலகாணி இருக்கே, அது வெளிய அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பல மணி நேரம் கனிஞ்சுகிட்டே இருந்து திரும்ப புடிச்சுக்கும். மெத்தைய கிழிச்சு உள் பஞ்சு வரைக்கும் தண்ணி ஊத்தி வெட்ட வெளில போட சொல்லி அவங்க கிட்டயே கேளுங்க, செஞ்சு குடுப்பாங்க.

நம்ம பக்கத்து பழைய வீடுங்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி பக்கம் இன்னும் நெறைய வீடு மெட்ராஸ் டெரஸ் தான், மரக்கட்டைய குறுக்க போட்டு மேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை. கட்டை மேலாக்க கருகுன மாதிரி தெரியும், எவ்ளோ ஆழத்துக்கு கரி ஆயிருக்குன்னு கீழ இருந்து சொல்லவே முடியாது, அதுக்கு மேல அணைக்க அடிச்ச தண்ணிய சுண்ணாம்பு குடிச்சு வெயிட்டு ஏறி இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு கூட இறங்கலாம். அந்த கூரைக்கு கீழயும் நிக்காதீங்க, மேலயும் ஏறாதீங்க, எஞ்சினியர் வந்து கட்டைய குத்தி பாத்து சொல்லட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட வீடுன்னா சூட்டுல ஷீட்டு வெடிச்சு சில்லு சில்லா கிடக்கும், அந்த தூசி நுரையீரலுக்கு விஷம். உடைக்காம, கூட்டாம, தண்ணி தெளிச்சு ஈரமாவே வச்சு மாஸ்க் போட்டுட்டு தான் கை வைக்கணும். ஆர்.சி.சி வீடுன்னா தளத்துல சிமெண்ட்டு பேத்துட்டு கம்பி தெரியுதா, கான்கிரீட்டு ரோஸ் கலர் மாதிரி மாறி இருக்கான்னு பாருங்க, ஏறக்குறைய 300 டிகிரிய தாண்டினா தான் அந்த நிறம் வரும். அப்படி இருந்தா மேல பூசி மறைக்காதீங்க, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூப்பிட்டு, கான்கிரீட்டோட பலத்த பாக்கற சுத்தியல் டெஸ்ட் எடுத்துட்டு தான் அடுத்த வேலை.

கரண்டு விஷயத்துல பிடிவாதமா இருங்க. ஒரு ரூம் தானே எரிஞ்சுது, ஹால்ல மட்டும் லைட்டு போட்டுக்கலாம்னு மெயின தூக்கிடாதீங்க. சுவத்துக்குள்ள பைப்புல ஓடுற வயரோட மேல் ரப்பர் உருகி இருக்கும், தண்ணியும் இறங்கி இருக்கும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், அதோட நம்பர் 94987 94987க்கு சொல்லுங்க, செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதியும் குடுங்க. மீட்டர் மின்வாரியத்தோட சொத்து, எரிஞ்சிருந்தாலும் நீங்க கழட்டக்கூடாது. பல குடித்தனம் இருக்கற வீடுன்னா பக்கத்து போர்ஷன் வயரும் உங்க சுவர் வழியா தான் போகும், அவங்களுக்கும் சொல்லிடுங்க. கேஸ் வாசனை அடிச்சா 1906, அது 24 மணி நேர நம்பர். சூடு பட்ட சிலிண்டர திரும்ப அடுப்புல மாட்டாதீங்க, ஏஜென்சிக்கு சொல்லி மாத்திக்கோங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உள்ள போலாம்னு சொன்ன உடனே கைல எடுக்க வேண்டியது ஃபோன். வாசல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமையும் நிறுத்தாம ஒரே வீடியோவா எடுங்க, ஒவ்வொரு ரூமுலயும் நாலு மூலை, தரை, மேல் தளம், அப்புறம் ஒவ்வொரு பொருளையும் கிட்ட போயி போட்டோ. ஃபிரிட்ஜு, டிவி, மிக்ஸி, மோட்டார் பின்னாடி மாடல் நம்பர் ஸ்டிக்கர் பாதி இருந்தா கூட அத எடுங்க. பீரோவ தொறந்து துணி எவ்ளோ எரிஞ்சுதுன்னு எடுங்க. எரியாத பொருளையும் எடுங்க, புகை புடிச்சதும் நஷ்டம் தான். எடுத்தத அன்னைக்கே சொந்தக்காரங்க ரெண்டு பேருக்கு அனுப்பி வச்சிடுங்க, ஃபோனு காணாம போனாலும் அவங்க கிட்ட இருக்கும். தீக்கு முன்னாடி வீடு எப்படி இருந்துச்சுன்னு காட்டவும் போட்டோ வேணும், அதுக்கு புள்ளைங்க பொறந்தநாள், வளைகாப்பு, பொங்கல் போட்டோ எல்லாத்தையும் தேடுங்க, பின்னாடி டிவி இருக்கும், பீரோ இருக்கும், சோபா இருக்கும். எங்க அக்காக்கு கொஞ்சமாவது பணம் வந்ததே பையனோட பொறந்தநாள் போட்டோல பின்னாடி நின்ன அந்த ஃபிரிட்ஜால தான்.

சர்வேயர் வந்து பாத்து, எடுத்துக்கலாம்னு எழுத்துல சொல்ற வரைக்கும் எதையும் தூக்கி போடாதீங்க. காயலான் கடைல இருந்து அன்னைக்கே ஆள் வருவாங்க, அவங்க பொழப்பு அது, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்புங்க. உதவிக்கு வர்றவங்கள வேணாம்னு சொல்றது நம்ம ஊர்ல கஷ்டம், மனசு நோவும். அதனால அவங்களுக்கு வேற வேலை குடுங்க. ஒருத்தர் வாசல்ல காவலுக்கு நிக்கட்டும், ஒருத்தர் குழந்தைங்கள கூட்டிட்டு போயி சாப்பாடு குடுக்கட்டும், ஒருத்தர் ஃபயர் ஸ்டேஷனுக்கு உங்க கூட வரட்டும். கதவு எரிஞ்சிருந்தா ஒரு தகரமாவது வச்சு அடைச்சு பூட்டு போடுங்க, தொறந்து கிடக்கற எரிஞ்ச வீட்ல திருட்டு போறது நடக்கற விஷயம் தான்.

எழுத்து வேலைய மொத ரெண்டு நாள்லயே முடிங்க. எந்த ஸ்டேஷன் வண்டி வந்துச்சோ அந்த நிலைய அலுவலர் கிட்ட தீ விபத்து அறிக்கை வேணும்னு மனு குடுங்க, இது இல்லாம இன்சூரன்ஸ்ல ஒரு ஃபைலும் நகராது. போலீஸ் ஸ்டேஷன்லயும் புகார் எழுதி குடுத்து சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கான ரசீது, வாங்கிக்கோங்க. உங்களுக்கு காரணம் தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க, யாரோ சொன்னாங்கன்னு மின்கசிவு, கேஸ் லீக்குன்னு நீங்களா எழுதிட்டா பின்னாடி ஃபயர் ரிப்போர்ட்டோட ஒத்து போகாம மாட்டிப்பீங்க. குடிசை வீடு எரிஞ்சிருந்தா வி.ஏ.ஓ கிட்டயும் தாலுகா ஆபீஸ்லயும் அன்னைக்கே சொல்லுங்க, அரசாங்க நிவாரணம் அந்த வழியா தான் வரும், அவங்க நேர்ல வந்து பாத்து எழுதுனா தான் உண்டு.

இன்சூரன்ஸ். எங்க கிட்ட ஒண்ணும் இல்லையேன்னு சொல்றவங்க நெறைய பேரு, ஆனா ஹவுசிங் லோன் ஓடிட்டு இருக்கற வீடுன்னா பேங்க் பெரும்பாலும் லோன் குடுக்கும்போதே தீக்கு ஒரு பாலிசி போட வச்சிருக்கும், உங்களுக்கே ஞாபகம் இருக்காது. பேங்க்ல போயி கேளுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் வீட்டுக்கு "பாரத் கிருஹ ரக்‌ஷா"ன்னு ஒரே மாதிரி பாலிசி குடுக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொல்லிடுச்சு. அதுல கட்டிடத்துக்கு போட்டிருந்தா, வேணாம்னு நீங்க எழுதி குடுக்காத வரைக்கும், உள்ள இருக்கற பொருளுக்கும் கட்டிட தொகைல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானாவே கவர் இருக்கும். நகைக்கு மட்டும் தனியா சேத்திருக்கணும். வீட்ல இருக்க முடியாம வேற வாடகை வீட்டுக்கு போனா அந்த வாடகைக்கும், இடிபாட அள்றதுக்கும் அதுல வழி இருக்கு, இத யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க, நீங்க தான் பாலிசி பேப்பர்ல படிச்சு கேக்கணும். அதனால வாடகை ரசீது, ஆட்டோ செலவு, தார்ப்பாய் வாங்குன பில்லு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. வாடகைக்கு இருக்கறவங்க, ஓனரோட பாலிசி உங்க பொருளுக்கு செல்லாது, உங்க பேர்ல இருந்தா தான் உண்டு.

கம்பெனிக்கு ஃபோன் பண்றதோட விடாம மெயிலும் போட்டு கிளைம் நம்பர் வாங்குங்க. பொருள் லிஸ்ட்ட ரூம் ரூமா எழுதுங்க, என்ன பொருள், எந்த வருஷம் வாங்கினது, என்ன விலை. பில்லு எரிஞ்சிருந்தா வாங்குன கடைல உங்க ஃபோன் நம்பர சொன்னா பழைய பில்ல எடுத்து குடுப்பாங்க, கார்டுல கட்டினதுன்னா பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருக்கும். கம்மியா குடுத்தாலோ மறுத்தாலோ சரின்னு கையெழுத்து போடாதீங்க. மொதல்ல அந்த கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதுங்க, ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ சென்னைலயே இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர் ஆபீஸ் இருக்கு. காசு கட்ட வேணாம், வக்கீல் வேணாம், 50 லட்சம் வரைக்கும் உள்ள வழக்க பாப்பாங்க, ஆனா கம்பெனி மறுத்ததுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். நாங்க இத தெரிஞ்சுக்கறதுக்குள்ள அக்காவும் மாமாவும் குடுத்தத வாங்கிட்டு கையெழுத்து போட்டுட்டாங்க.

கேஸால புடிச்ச தீன்னா இன்னொண்ணு இருக்கு, இத தயவு செஞ்சு நாலு பேருக்கு சொல்லுங்க. இந்தியன் ஆயில், பாரத், எச்.பி மூணு கம்பெனியும் அவங்க வாடிக்கையாளருக்காக இன்சூரன்ஸ் போட்டு வச்சிருக்காங்க, அதுக்கு நீங்க ஒரு பைசா கட்ட தேவையில்ல. விபத்துல உயிர் போச்சுன்னா ஆளுக்கு 6 லட்சம், வைத்திய செலவுக்கு ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம், கனெக்‌ஷன் பதிவான வீட்ல பொருள் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். நீங்க நேரா இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு போக வேணாம், உங்க கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்துல குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க, அவங்க கம்பெனிக்கு சொல்லி கம்பெனி தான் மேல அனுப்பும். எரிஞ்ச டியூபு, ரெகுலேட்டர், அடுப்பு எதையும் கம்பெனி ஆள் வந்து பாக்கற வரைக்கும் நகத்தாதீங்க. ஆனா கனெக்‌ஷன் வேற அட்ரஸ்ல இருந்தாலோ, ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாத டியூபு மாட்டி இருந்தாலோ சிக்கல் தான். நம்ம பக்கம் வீடு மாறினா கனெக்‌ஷன் அட்ரஸ மாத்தாம சிலிண்டர மட்டும் தூக்கிட்டு வர்றது சகஜம், அத இன்னைக்கே மாத்திடுங்க.

சாம்பல். சர்வேயர் பாத்துட்டு போன அப்புறமும் அள்ளி கொட்டாதீங்க, சலிங்க. பீரோ இருந்த இடம், சாமி ரூம், கட்டிலுக்கு அடில, இந்த மூணு இடத்து சாம்பல தனித்தனி கோணில போட்டு, நல்லா ஆறினதுக்கு அப்புறம் மணல் சலிக்கற சல்லடைல சலிச்சு, அடுத்து மாவு சல்லடைல சலிங்க. மாஸ்க், கிளவுஸ் போட்டுட்டு பண்ணுங்க. சுத்த தங்கம் உருக 1,064 டிகிரி வேணும், நகை தங்கம் அதுக்கு கொஞ்சம் கம்மிலயே உருகும், வீட்டு தீல பல நேரம் நகை கருத்து நெளிஞ்சு தான் போயிருக்கும், அப்படியே உருகி இருந்தாலும் ஒரு உருண்டையா அங்க தான் கிடக்கும், தங்கம் எரிஞ்சு காத்துல போகாது. கருப்பு கட்டியா இருக்கேன்னு தூக்கி போடாம வெயிட்டா இருக்கான்னு கைல வச்சு பாருங்க. சௌகார்பேட்டைல உருக்கி தரம் பாக்கற பட்டறைங்க இருக்கு, வீட்டு ஆள் கூடவே நின்னு பாத்து வாங்கிக்கோங்க.

ரூபா நோட்டும் அப்படி தான். கருகுன நோட்ட பிரிக்காதீங்க, தட்டாதீங்க, ஒட்டி இருந்தா ஒட்டினபடியே ஒரு டப்பால பஞ்சு வச்சு அதுக்குள்ள வைங்க. ஓரம் மட்டும் எரிஞ்ச நோட்ட பேங்க்லயே மாத்தலாம், 50 ரூபா நோட்டுல இருந்து மேல உள்ளதுக்கு ஒரே துண்டா 80 சதவீதத்துக்கு மேல மீதி இருந்தா முழு பணம், 40ல இருந்து 80 வரைக்கும்னா பாதி, அதுக்கும் கீழன்னா ஒண்ணும் கிடையாது. ரொம்ப கருகி, தொட்டா பொடியாகற நோட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது, இத பேங்க் பிராஞ்சுல வாங்க மாட்டாங்க, ரிசர்வ் பேங்க் ஆபீஸுக்கே போகணும். நமக்கு அது வசதி, பீச் ஸ்டேஷன்ல இறங்கினா ராஜாஜி சாலைல நடந்து போற தூரம். ஃபயர் ரிப்போர்ட் காப்பி எடுத்துட்டு போங்க.

பத்திரம் நனைஞ்சு தான் இருக்குன்னா வெயில்ல காய வைக்காதீங்க, பக்கம் பக்கமா பிச்சு எடுக்காதீங்க. நடுவுல டிஷ்யூ பேப்பர் வச்சு நிழல்ல ஃபேன் காத்துல விடுங்க, உடனே முடியலைன்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு யார் வீட்டு ஃப்ரீசர்லயாவது வைங்க, பூஞ்சை புடிக்காம நிக்கும். எரிஞ்சே போச்சுன்னா கலங்காதீங்க, வீட்டு பத்திரம் ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பதிவு இருக்கு, டாக்குமெண்ட் நம்பர் தெரியலைன்னா வில்லங்கம் போட்டு பாத்து நம்பர எடுத்து சர்டிஃபைடு காப்பி வாங்கலாம். பொறப்பு சர்டிபிகேட் மாநகராட்சி வெப்சைட்லயே எடுக்கலாம், ஆதார், ரேஷன் கார்டு இ-சேவை மையத்துல ஆயிடும், மார்க் ஷீட்டுக்கு படிச்ச ஸ்கூல் ஹெச்.எம் வழியா எழுதணும், அதுக்கு தான் நாள் ஆகும், அதனால மொதல்ல அதுக்கு போடுங்க.

கடைசில தான் சுத்தம் பண்றது. புகைக்கரி எண்ணெய் பிசுக்கு மாதிரி, ஈரத்துணிய வச்சு தேச்சா சுவத்துக்குள்ள இறங்கிடும். மொதல்ல ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சு காஞ்ச பிரஷ்ஷால, வேக்குவம் கிடைச்சா அதால எடுங்க. அப்புறம் வெந்நீர்ல பாத்திர சோப்பு போட்டு கீழ இருந்து மேல கழுவிட்டு போங்க, மேல இருந்து வந்தா கருப்பு கோடு கோடா இறங்கி நின்னுடும், சீலிங்க கடைசியா. நேரா சுண்ணாம்பு அடிச்சா கொஞ்ச நாள்ல மஞ்சளா கறை வெளிய வரும், கறை தடுக்கற பிரைமர் போட்டு அதுக்கு மேல பெயிண்ட். பி.வி.சி பைப்பு, வயர் எரிஞ்ச புகைல ஆசிட் இருக்கு, தப்பிச்ச டிவி மிக்ஸியும் உள்ள அரிச்சிட்டு இருக்கும், மெக்கானிக் தொறந்து பாக்காம பிளக்குல சொருகாதீங்க. சாப்பாட்டு சாமான்ல சூடோ புகையோ பட்டது எதுவும் வேணாம், அரிசி மூட்டையா இருந்தாலும் சரி, மாத்திரை மருந்தும் அப்படி தான். எவர்சில்வர் தேச்சு கழுவினா போதும், பிளாஸ்டிக், நான்ஸ்டிக் தூக்கி போடுங்க, குக்கருக்கு கேஸ்கட், சேஃப்டி வால்வு மாத்தாம வைக்காதீங்க. அணைக்க அடிச்ச தண்ணி கரியோட சம்புக்குள்ள இறங்கி இருக்கும், அத இறைச்சு கழுவிட்டு தான் மெட்ரோ வாட்டர் லாரி தண்ணி விடணும், எங்க வீட்ல இத மறந்து கீழ் வீட்டு பாட்டிக்கு வயித்துக்கு ஒத்துக்காம போச்சு. இடிபாட தெருவுல கொட்டாம 1913க்கு அடிச்சு மாநகராட்சில கேளுங்க.

திரும்ப குடி போறதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள வயர்மேன வச்சு மெகர் டெஸ்ட், அதாவது வயர்ல கரண்டு கசியுதான்னு பாக்கற டெஸ்ட் எடுத்து பேப்பர் வாங்கிக்கோங்க. பெரியவங்க அலைச்சல்லயே நாள் போயிடும், குழந்தைங்க மனசுல என்ன ஓடுதுன்னு பாக்க ஆள் இருக்காது. அக்கா பையனுக்கு எட்டு வயசு, மூணு மாசம் ராத்திரி எழுந்து உக்காந்துப்பான், குக்கர் விசில் அடிச்சா வெளிய ஓடுவான். 14416ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி டெலி மானஸ் நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசறாங்க, காசு கிடையாது, அதுல பேசின அப்புறம் தான் அவன திட்டாம கூடவே உக்காந்து பேசணும்னு எங்களுக்கு புரிஞ்சுது. இப்ப தூங்கறான். படுக்கறதுக்கு முன்னாடி வீடு பூரா ஒரு சுத்து போயி ஃபிரிட்ஜு பின்னாடி வயர எட்டி பாத்துட்டு, கிச்சன் சுவிட்ச் ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு பாத்துட்டு தான் வருவான், அக்காவும் டார்ச்ச புடிச்சுட்டு அவன் கூடவே போவா.